சங்ககிரி மலைக்கோட்டை ஏறப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக்கு ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்தால் மறுநாள் விடியற்காலை அவர்களைச் சங்ககிரி மலைக்குக் கூட்டிப்போவது என் வேலை. இருபது வருடமாக அப்படித்தான். கோயமுத்தூரிலிருந்து வந்த மச்சானும் கேட்டிருக்கிறார், சென்னையிலிருந்து வந்த சித்தி பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளும். அந்தக் கோட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கமாக முடிக்க வராது.

சங்ககிரியா, சங்கரியா, துர்க்கமா? எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது?

எதைச் சொன்னாலும் வழி காட்டுவார்கள். எழுத்தில் சங்ககிரி, பேச்சில் சங்கரி, ரயில் நிலையத்துக்குச் சங்கரி துர்க். மலையை ஒரு பக்கமிருந்து பார்த்தால் சங்கைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும், அதனால் சங்ககிரி என்று பெயர் வந்தது என்பார்கள். துர்க்கம் என்றால் எளிதில் நெருங்க முடியாத கோட்டை. ஏறிப் பார்த்தால் அந்தச் சொல்லின் பொருள் காலுக்கே தெரியும்.

எவ்வளவு உயரம்? பழனி ஏறுகிறவர்கள் இதையும் ஏறிவிடலாமா?

நம் பக்கத்து ஆட்களுக்கு உயரம் என்றால் பழனிதான் அளவுகோல். பழனி மலை தரையிலிருந்து சுமார் 450 அடி. சங்ககிரி மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 அடி, ஊர் மட்டத்திலிருந்து கணக்கிட்டால் 1,400 அடிக்கு மேல் வரும். ஆக, பழனியைப் போல மூன்று பங்கு. அங்கே சீரான படி உண்டு, நிழல் மண்டபம் உண்டு, முடியாவிட்டால் விஞ்ச் உண்டு. இங்கே சில இடங்களில் கல் படி, சில இடங்களில் வெறும் பாறை, சில இடங்களில் முள்ளும் புல்லும் மூடிய தடம்.

அதற்காகப் பயப்பட வேண்டாம். கயிறு கட்டி ஏறுகிற மலை இல்லை இது. தினமும் கொஞ்சம் நடக்கிற பழக்கம் உள்ளவர்கள் நின்று நின்று ஏறிவிடலாம். முட்டி வலி, நெஞ்சு வலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் மட்டும் முதல் இரண்டு மூன்று வாசலோடு திரும்பிவிடுங்கள். அந்த அளவுக்குப் பார்த்தாலே வந்ததற்குப் பலன் உண்டு, உண்மையாகவே சொல்கிறேன்.

ஏனுங்க, வண்டி மேலே வரைக்கும் போகுமா?

போகாதுங்க. திருச்செங்கோடு மாதிரி மலைப்பாதை இங்கே கிடையாது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான்.

ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? எத்தனை மணிக்குத் தொடங்கலாம்?

நிற்காமல் ஏறும் இளவட்டங்கள் ஒரு மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடுவார்கள். குடும்பமாகப் போனால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம். அரை நாள் இதற்கே சரியாக இருக்கும்.

தொடங்கும் நேரம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். வெளிச்சம் வந்த உடனே ஏற ஆரம்பித்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் பாறை சூடேறத் தொடங்கும், பத்தரைக்கு மேல் கீழேயும் அனல், மேலேயும் அனல். முதல்முறை நான் என் தம்பியோடு ஏறியது சித்திரை மாதம், காலைப் பலகாரமெல்லாம் முடித்துப் பத்து மணிக்குத்தான் கிளம்பினோம். கையில் ஒரே ஒரு பாட்டில். பாதி வழியில் தண்ணீர் தீர்ந்தது, தம்பிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு வாசலின் நிழலில் அவனைப் படுக்கவைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வெள்ளாடு மேய்க்க வந்த ஒரு பெரியவர் தூக்குப்போசியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். "உச்சிப்பொழுதுக்கு யாரும் துர்க்கம் ஏறுவாங்களா கண்ணு" என்று கேட்டார். அன்றிலிருந்து யாரைக் கூட்டிப்போனாலும் ஆறு மணிக்கு அடிவாரத்தில் நிற்க வைத்துவிடுகிறேன்.

மாலையில் ஏறலாமா என்று கேட்பார்கள். வெயில் குறைவுதான். ஆனால் பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பாறைகளில் இறங்குவது ஆபத்து, விளக்கும் இல்லை. வேண்டாம்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

மார்கழி, தை, மாசி. காலையில் குளிர்ச்சியாக இருக்கும், மழைக்காலம் முடிந்து மலையும் பச்சையாக இருக்கும். பங்குனி முதல் வைகாசி வரை வெயில் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். இடி மின்னல் நேரத்தில் அந்த மொட்டை உச்சியில் நிற்கவே கூடாது.

ஆடி மாதம் தனி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கொங்கு நாடு முழுவதும் வீசும் காலம் அது. உச்சியில் நின்றால் ஆளைத் தள்ளும், ஆனாலும் வானம் தெளிவாக இருக்கும். காற்றைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு ஆடியும் நல்ல மாதம்தான். புரட்டாசி சனிக்கிழமைகளில் பெருமாளைக் கும்பிட வருகிறவர்கள் நிறைய இருப்பார்கள். தனியாக ஏறத் தயங்குகிறவர்கள் அந்த நாள் பார்த்து வாருங்கள், வழியெல்லாம் துணை இருக்கும்.

எப்படி வந்து சேர்வது?

சேலத்திலிருந்து கோவை போகும் நெடுஞ்சாலையில் சுமார் 38 கிலோமீட்டர். ஈரோட்டிலிருந்து இருபது சொச்சம், திருச்செங்கோட்டிலிருந்து பத்து சொச்சம். சேலம், ஈரோடு, திருச்செங்கோடு மூன்று பக்கமும் பேருந்துக்குக் குறைவில்லை. தொலைதூரப் பேருந்தில் ஏறினால் மட்டும் "ஊருக்குள்ளே போகுமா" என்று கண்டக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். சில வண்டிகள் வெளிச்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். ரயிலில் வருகிறவர்கள் நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம்.

நுழைவுக் கட்டணம் உண்டா?

இல்லை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம் இது. ஆனால் சீட்டு வாங்கி உள்ளே போகும் இடமாக இல்லை.

சாப்பாடு, தண்ணீர்?

மேலே கடை கிடையாது. குடிநீர் கிடையாது. கழிப்பறையையும் எதிர்பார்க்காதீர்கள், ஊருக்குள்ளேயே முடித்துக்கொண்டு வாருங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்பது கட்டாயம், எடை என்று பார்த்து ஒன்றைக் குறைக்காதீர்கள். சாப்பாட்டுக்கு என் வீட்டில் அரிசிம்பருப்புச் சாதத்தைத் தூக்குப்போசியில் போட்டுக் கொடுப்பார்கள், ஆறினாலும் நன்றாக இருக்கும். கூடவே கொஞ்சம் வறுத்த நிலக்கடலை, இரண்டு சாத்துக்குடி. கொண்டுபோன பையும் பாட்டிலும் உங்களோடுதான் திரும்பி வர வேண்டும். மேலே குப்பை அள்ள ஆள் இல்லை, காற்று அடித்துச் சுனையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

கோட்டையைக் கட்டியது யார்?

ஒருவர் கட்டிய கோட்டை இல்லை இது. 15ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சிக் காலத்தில் தொடங்கியது. பிறகு யார் கைக்கு வந்ததோ அவர்கள் ஆளுக்கொரு சுற்று மதிலைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். தாரமங்கலத்தை ஆண்ட கெட்டி முதலிகளின் பெயரும் இந்தக் கோட்டையோடு சேர்த்துப் பேசப்படும். அப்புறம் மைசூர்க்காரர்கள். ஐதர் அலியும் திப்பு சுல்தானும் கொங்கு நாட்டை ஆண்ட காலத்தில் இது அவர்களுக்கு முக்கியமான படைத்தளம். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி சேலம் சீமை கும்பினிக்கு, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, போனபோது கோட்டையும் கைமாறியது. கடைசிக் கட்ட வேலை ஆங்கிலேயர்களுடையது. அவர்கள் கொங்கு நாட்டில் வசூலித்த வரியைப் பத்திரப்படுத்தும் கிடங்காகவும் இதை வைத்திருந்தார்கள்.

ஏன் எல்லோருக்கும் இந்த மலை வேண்டியிருந்தது என்பது உச்சியில் நின்றால்தான் புரியும். மேற்கே காவிரி, வடகிழக்கே சேர்வராயன் மலை, தெற்கே திருச்செங்கோட்டு மலை. நடுவில் சேலத்திலிருந்து மேற்கே போகும் பெருவழி. அந்த வழியில் படை வந்தாலும் பொதி மாடு வந்தாலும் உச்சியில் இருப்பவன் கண்ணுக்குத் தப்ப முடியாது. இன்றைக்கும் அதே வழியில்தான் நெடுஞ்சாலை ஓடுகிறது, சேலம் ஈரோடு ரயில் பாதையும் இந்த மலையை ஒட்டித்தான் போகிறது.

வாசல் வாசலாக நின்று பார்க்கச் சொல்கிறீர்களே, அப்படி என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. பெரும்பாலானவர்கள் உச்சியையே பார்த்துக்கொண்டு வாசல்களை ஓடிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். பத்து வாசல் என்பது வழக்கு. நீங்களே எண்ணிக்கொண்டு ஏறுங்கள், பிள்ளைகளையும் எண்ணச் சொல்லுங்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது வாசல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை. நேர்வழியில் எதிரே தெரிகிற மாதிரி வைக்க மாட்டார்கள். பாதை மேலே வந்து, மதிலை ஒட்டிக் கொஞ்ச தூரம் ஓடி, சட்டென்று திரும்பும் இடத்தில் வாசல் இருக்கும். காரணம் எளிது. கோட்டைக் கதவை உடைக்க யானையையோ பெரிய மரத்தையோ கொண்டுவந்து மோத வேண்டும். மோதுவதற்கு ஓடிவர இடம் வேண்டும். திருப்பத்தில் வாசலை வைத்துவிட்டால் ஓடிவர இடமில்லை. மதிலை ஒட்டி நடக்கும்போது எதிரியின் பக்கவாட்டு முழுவதும் மேலே நிற்பவனுக்குத் திறந்து கிடக்கும். அப்படி ஒரு திருப்பத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள், மதிலின் தலைப்பில் துளைகள் தெரியும். அந்தத் துளைகளுக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஆள் நின்றிருப்பான். நான் நின்ற இடம் எவ்வளவு மோசமான இடம் என்று முதல்முறை உறைத்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

அடுத்து மதில். மலை எப்படி வளைகிறதோ அப்படியே மதிலும் வளைந்து போகும். எங்கே பாறை செங்குத்தாக இருக்கிறதோ அங்கே மதிலே தேவையில்லை, மலையே மதில். ஒரு பக்கம்தான் ஏற முடியும் என்பதால் அந்தப் பக்கத்திலேயே வாசலுக்கு மேல் வாசலாக அடுக்கிவிட்டார்கள். முதல் வாசல் விழுந்தாலும் அடுத்த வாசலில் சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஏறி வந்தவன் களைத்திருப்பான், மேலே இருப்பவன் களைக்காமல் இருப்பான். பத்து முறை அப்படி என்றால் எண்ணிப் பாருங்கள்.

கல் வேலையையும் பாருங்கள். சில வாசல்களில் கல்லுக்குக் கல் பொருந்திய நேர்த்தியான கட்டு, சில இடங்களில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். ஒவ்வொரு காலத்தின் கையும் தனித்தனியாகத் தெரியும். சுண்ணாம்புப் பூச்சைத் தொட்டுப் பார்த்தால் வழவழப்பு இன்னும் இருக்கும். எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) கொத்தனார் வேலை தெரிந்தவர், அந்தக் காரையைத் தடவிப் பார்த்துவிட்டு "இதை அரைக்கவே மாசக்கணக்கா ஆயிருக்கும்" என்று சொன்னார். அடுத்த வாசலிலும் கையை வைத்துப் பார்த்தார். அன்றைக்கு உச்சிக்குப் போகவே இல்லை, ஐந்தாவது வாசலோடு திரும்பினோம். எனக்கு நினைவில் நிற்கும் நல்ல பயணம் அதுதான்.

தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது இங்கேதானா?

ஆம். கொங்கு நாட்டில் பிறந்த யாரும் இந்த மலையைச் சாதாரணமாகப் பார்க்க முடியாததற்கு அதுதான் காரணம்.

காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் 1756 ஏப்ரல் 17ஆம் தேதி பிறந்தவர், இயற்பெயர் தீர்த்தகிரி. மைசூருக்குக் கொண்டுபோன வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவிலே ஒரு சின்னமலை எடுத்துக்கொண்டான் என்று போய்ச் சொல்" என்றாராம். அந்தப் பெயரே நிலைத்தது என்பது நம் ஊர்களில் தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. பின்னாளில் ஆங்கிலேயரை எதிர்க்க அதே மைசூரோடு கைகோத்தார், திப்புவின் பக்கம் நின்று போரிட்டார். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகும் அவர் ஓயவில்லை. ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு 1801இல் காவிரிக்கரையிலும், 1802இல் ஓடாநிலையிலும், 1804இல் அரச்சலூரிலும் கும்பினிப் படையோடு மோதினார். கடைசியில் போரில் பிடிக்க முடியாமல் சூழ்ச்சியால் பிடித்தார்கள். சமையல்காரன் காட்டிக்கொடுத்தான் என்றுதான் ஊரில் சொல்வார்கள். 1805 ஜூலை 31, ஆடிப் பதினெட்டு அன்று தம்பிமார்களோடு சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள்.

ஆடிப் பதினெட்டு காவிரிக்கரை முழுவதும் புதுப்புனலுக்குக் கொண்டாட்டமாக இருக்கும் நாள். பவானிக் கூடுதுறையில் பெண்கள் முளைப்பாரி விடுகிற நாள். அந்த நாளில், அந்தக் காவிரி கண்ணுக்கு எட்டுகிற மலையில் அவர் உயிர் போயிருக்கிறது. உச்சியில் மேற்கே பார்த்து நிற்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

அப்படியானால் ஆடிப் பதினெட்டு அன்றே வரலாமா?

மரியாதை செலுத்த வருவதென்றால் கட்டாயம் வாருங்கள். அவருடைய நினைவிடத்தில் மாலை போடப் பல ஊர்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வருவார்கள், சாலையெல்லாம் நெரிசலாக இருக்கும். கோட்டையை நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றால் வேறு நாள் பாருங்கள்.

உச்சியில் என்ன பார்க்கலாம்?

சென்னகேசவப் பெருமாள் கோயில், தானியக் கிடங்கு, இடிந்தும் இடியாமலும் நிற்கும் ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்கள், மழைநீர் தேங்கும் சுனைகள். மலையில் தர்காவும் உண்டு. அடிவாரத்து ஆட்கள் இரண்டுக்கும் போவார்கள், வேற்றுமை பார்க்க மாட்டார்கள். கைதிகளை உருட்டிவிட்ட இடம் என்று ஒரு செங்குத்துப் பாறையையும் காட்டுவார்கள். அதன் விளிம்புக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டாம், கைப்பிடிச் சுவர் எதுவும் கிடையாது.

என்னைக் கேட்டால் அங்கே பார்க்க வேண்டியது சுனைதான். கோட்டை என்றதும் பீரங்கியும் மதிலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் முற்றுகை என்று வந்தால் மாதக்கணக்கில் மேலே அடைபட்டிருக்க வேண்டும், தண்ணீர் தீர்ந்த அன்றே கோட்டையும் விழும். இவ்வளவு உயரத்தில் கிணறு வெட்டி ஊற்று எதிர்பார்க்க முடியாது. பாறைச் சரிவில் விழுகிற மழையைச் சிந்தாமல் ஒரு பள்ளத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வடிந்து வருகிறது என்று பாறையின் சாய்வைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது.

அப்புறம் நான்கு பக்கமும் தெரியும் காட்சி. கீழே ஊர், சிமெண்ட் ஆலை, வரிசை வரிசையாக நிற்கும் லாரிகள். சங்ககிரி லாரிக்காரர்கள் ஊர். என் அப்பாவும் லாரி ஓட்டியவர்தான். வடக்கே லோடு ஏற்றிப் போனால் வீடு திரும்ப இருபது நாளுக்கு மேல் ஆகும். சேலம் தாண்டி வரும்போது துர்க்கம் கண்ணில் பட்டதும் தூக்கமெல்லாம் போய்விடும் என்பார்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. அதற்குக் கீழே என்றால் பாதியில் தூக்கச் சொல்வார்கள், தூக்கிக்கொண்டு அந்தப் பாறையில் இறங்குவது இருவருக்குமே ஆபத்து. செருப்பு வேண்டாம், அடிப்பாகம் வழுக்காத ஷூ போட்டு விடுங்கள். இடிந்த கட்டடங்களுக்குள்ளும் சுனைப் பக்கமும் தனியாக விடாதீர்கள்.

குரங்குத் தொல்லை உண்டா? பாம்பு?

குரங்கு உண்டு. தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், பைக்குள்ளேயே இருக்கட்டும். பாம்பு எல்லா மலையிலும் உள்ளதுதான். புல் மூடிய இடத்தில் கால் வைக்காமல் தடத்திலேயே நடந்தால் போதும். பாறை இடுக்கில் தேன்கூடு தெரிந்தால் சத்தம் போடாமல், புகை எழுப்பாமல் கடந்து போய்விடுங்கள்.

சுனையில் குளிக்கலாமா?

கூடாது. ஆழம் வெளியிலிருந்து தெரியாது, ஓரம் பாசி படிந்து வழுக்கும். ஏதாவது ஆனால் கீழேயிருந்து ஆள் வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகும்.

மதிலில் பெயர் எழுதியிருக்கிறார்களே, யாரும் ஒன்றும் சொல்வதில்லையா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். வாசல் தூண்களில், கோயில் சுவரில், சுண்ணாம்புப் பூச்சில் எல்லாம் காதலர் பெயர், கட்சிப் பெயர், கல்லூரிப் பெயர். பெயிண்டில் எழுதியதையாவது ஒருநாள் அழிக்கலாம். ஆணியால் கீறியதை என்ன செய்வது? அப்பிச்சி தடவிப் பார்த்த அந்தக் காரைப் பூச்சு முந்நூறு நானூறு வருட மழையையும் வெயிலையும் தாங்கி நின்றது, ஒரு சாவிக் கொத்துக்குத் தாங்கவில்லை.

சட்டம் உண்டு. 1958ஆம் ஆண்டுப் பழஞ்சின்னங்கள் சட்டம், 2010இல் திருத்தப்பட்டபடி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ஆனால் வாசலுக்கு வாசல் காவலுக்கு ஆள் வைக்க முடியுமா? நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் கூட்டத்தில் யாராவது கல்லை எடுத்துக் கீற ஆரம்பித்தால் தயங்காமல் சொல்லுங்கள். நான் சொல்லியிருக்கிறேன். இரண்டு கல்லூரிப் பையன்கள், முதலில் முறைத்தார்கள். சின்னமலை கதையைச் சொல்லி, இந்த வாசல் வழியாகத்தானே அவரை ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்றேன். கையிலிருந்த ஆணியைக் கீழே போட்டுவிட்டு, மிச்ச வாசலெல்லாம் என்னோடு சேர்ந்து எண்ணிக்கொண்டு வந்தார்கள்.

கேமரா, ட்ரோன்?

கைபேசியில் எடுக்கலாம். ட்ரோனுக்கு முன்அனுமதி வேண்டும், இல்லாமல் பறக்கவிடாதீர்கள்.

சங்ககிரி எனக்குக் கடினம் என்று தோன்றுகிறது. கோட்டை ஏறிய மாதிரியும் இருக்க வேண்டும், எளிதாகவும் இருக்க வேண்டும். வேறு இடம் உண்டா?

நாமக்கல் போங்கள். இங்கிருந்து திருச்செங்கோடு வழியாக ஒன்றரை மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். ஊரின் நட்டநடுவில் ஒரே பாறை, சுமார் 65 மீட்டர் உயரம். பாறையில் வெட்டிய குறுகலான படிகளில் கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம். மேலே வட்டமாக ஓடும் மதில். 17ஆம் நூற்றாண்டில் ராமச்சந்திர நாயக்கர் கட்டியதாகச் சொல்வார்கள். படி சில இடங்களில் செங்குத்தாக இருக்கும், மழை நாளில் மட்டும் கவனம் வேண்டும்.

நாமக்கல்லின் இன்னொரு சிறப்பு, ஏறாதவர்களுக்கும் அங்கே பார்க்க நிறைய உண்டு. அதே பாறையின் ஒரு பக்கம் நரசிம்மர் குடைவரை, இன்னொரு பக்கம் அரங்கநாதர் குடைவரை, இரண்டும் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கணித மேதை ராமானுஜன் தம் குலதெய்வமாக வணங்கிய நாமகிரித் தாயார் இருப்பது இங்கேதான். எதிரே 18 அடி ஆஞ்சநேயர், தலைக்கு மேல் கூரையில்லாமல் கைகூப்பி நிற்பார். பிள்ளைகள் கோட்டைக்கு ஏறட்டும், பெரியவர்கள் கோயிலில் இருக்கட்டும். யாருக்கும் குறை இருக்காது.

சங்ககிரி ஏறிய அன்றே வேறு எங்கே போகலாம்?

பதினொரு மணிக்குள் இறங்கிவிட்டால் திருச்செங்கோடு. அங்கே மேலே வரை வண்டி போகும் என்பதால் களைத்த காலுக்குச் சிரமமில்லை. சுமார் 1,200 படிகளில் நடந்து ஏறும் வழியும் உண்டு, பாதையோரப் பாறையில் செதுக்கிய 60 அடி நாகத்தைப் பார்க்க அந்த வழியில்தான் போக வேண்டும். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் நடை சாத்தும் நேரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். சின்னமலையின் தடத்தைத் தேடி வருகிறவர்கள் ஈரோடு வழியாக அரச்சலூர் பக்கத்து ஓடாநிலைக்குப் போகலாம், அங்கே அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

எங்கள் அம்மாயிக்கு (அம்மாவின் அம்மா) எண்பது வயது. மலைப் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். டோலி மாதிரி ஏதாவது உண்டா?

டோலி இல்லைங்க. தூக்கிக்கொண்டு போகவும் முயற்சி செய்யாதீர்கள், பாதை அதற்கு இடம் கொடுக்காது. சித்திரைத் தேர்த்திருவிழாவுக்குக் கூட்டி வாருங்கள். அப்போது சென்னகேசவப் பெருமாளை மலையிலிருந்து ஊருக்குள் இறக்கிக் கொண்டுவருவார்கள். ஏறத் தெம்பிருந்த காலத்தில் வாசல் வாசலாகப் போய்க் கும்பிட்டவர்கள் எல்லாம் அன்றைக்கு வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து காத்திருப்பார்கள். வெயில் கடுமையாக இருக்கும், அம்மாயிக்கு ஒரு மடக்கு நாற்காலியும் குடையும் கொண்டு வாருங்கள். திருவிழாத் தேதி ஒவ்வொரு வருடமும் மாறும், பங்குனி கடைசியில் ஊரில் யாரையாவது விசாரித்துக்கொள்ளுங்கள்.